ஒரு விளக்கு, இரண்டு பிராணிகள்

செல்லப்பிராணிக் கடையில் ஒரே கண்ணாடித் தொட்டிக்குள் பியர்டட் டிராகன் என்னும் ஓணான் வகைக் குட்டிகள் ஏழெட்டு ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிப் படுத்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு ஆசையாக இருக்கும். ஒன்றை மட்டும் வாங்கிப் போனால் அது ஏங்கிவிடுமே என்று இரண்டாக வாங்கி, வீட்டில் ஒரே தொட்டியில் விடுகிறார்கள். பாசத்தோடு செய்கிற காரியம்தான். ஆனால் அந்த இரண்டில் ஒன்று அன்றிலிருந்தே தோற்கத் தொடங்குகிறது.

அந்தக் குட்டிகள் படுத்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே பாருங்கள், வெப்ப விளக்கு எரியும். நம் உடம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஊர்வனவற்றுக்கு அது வெளியிலிருந்து வரவேண்டும். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்த பியர்டட் டிராகனுக்கு வெயில் காயும் இடம் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும். அந்தச் சூடு கிடைத்தால்தான் தின்ற பூச்சி செரிக்கும், நோயை எதிர்க்க உடம்பில் தெம்பு இருக்கும். கூடவே எரியும் புற ஊதா விளக்கின் ஒளி தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகி, உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். மேலே படுத்திருக்கும் குட்டிக்கு இரண்டும் கிடைக்கின்றன. அடியில் கிடப்பதற்கு மேலிருப்பதன் நிழல்தான். மாதக்கணக்கில் இப்படிப் போனால் அதன் தாடை மெத்தென்று ஆகும், கால்கள் வளையும், நடக்கும்போது உடம்பு நடுங்கும்.

தீனியை இரண்டு தட்டில் வைக்கலாம், தண்ணீரையும் வைக்கலாம். தொட்டியில் இருக்கும் ஒரே சூடான இடத்தைப் பங்கு வைப்பதுதான் கடினம். எது வலியதோ அது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதற்குச் சண்டைகூட வேண்டியதில்லை. நம் ஊர் வேலி ஓணான் கழுத்துச் சிவக்கத் தலையை ஆட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ‘இது என் இடம்’ என்று இன்னொரு ஆணுக்கு அது விடுக்கும் எச்சரிக்கை அது. பியர்டட் டிராகனும் அதே குடும்பத்துப் பிராணிதான். தலையாட்டும், தாடியைக் கறுப்பாக்கிக் காட்டும். எதிரே இருப்பது ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றும். அதைப் படம்பிடித்து ‘கை அசைத்து வணக்கம் சொல்கிறது’ என்று மகிழ்ந்து பகிர்கிறார்கள். அது பெரும்பாலும் பணிந்துபோகும் சைகை. காட்டில் என்றால் பணிந்தது வேறு புதருக்குப் போய்விடும். மூன்றடித் தொட்டியில் எங்கே போகும்?

ஒடுங்கிப்போன பிராணியின் அடையாளங்கள் சன்னமானவை. மறைவிடத்தை விட்டு வெளியே வராது. மற்றது தின்று முடித்த பிறகுதான் தீனிக்கு வரும். ஒரே நாளில் பொரித்த இரண்டில் ஒன்று மற்றதைவிடப் பாதியாக இருக்கும். ‘அது கூச்ச சுபாவம்’ என்று வீட்டில் பேர் வைத்துவிடுவார்கள். ஊர்வன பெரும்பாலும் கத்துவதில்லை, அழுவதில்லை. எதிரி கண்ணில் படாமலிருக்க நோயைக்கூட மறைத்துக்கொள்ளும். அது படுத்துவிட்டது என்று நமக்குத் தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும். கண்ணால் பார்ப்பதை நம்பாதீர்கள். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் வாரம் ஒரு முறை நிறுத்து, எடையை எழுதிவையுங்கள்.

வெளிப்படையான காயங்களும் உண்டு. பசித்த பியர்டட் டிராகன் குட்டி, அருகில் அசையும் விரலையும் வால் நுனியையும் பூச்சியென்று கவ்விக் கடித்துத் துண்டாக்கும். போன விரலும் வாலும் அதற்குத் திரும்ப வளராது. லெப்பர்ட் கெக்கோ என்னும் பல்லிக்கு வால் மறுபடி முளைக்கும். ஆனால் அதன் கொழுப்புச் சேமிப்பில் பெரும்பகுதி வாலில்தான் இருக்கிறது. வாலை உதறிய கெக்கோ சேமிப்பையே இழந்து நிற்கும். இரண்டு ஆண் கெக்கோக்கள் ஒரு தொட்டியில் இருந்தால் மரணம்வரை போகும். குட்டியில் ஆணா பெண்ணா என்று சொல்வதும் எளிதல்ல. ‘இரண்டும் பெண்தான்’ என்று கடைக்காரர் கொடுத்தவை சில மாதம் கழித்து ஒன்றையொன்று கிழித்துக்கொள்வது இதனால்தான்.

ஆணும் பெண்ணுமாக வைத்தால் சமாதானமாக இருக்கும் என்று நம்புவது இன்னும் கொடிய தவறு என்று நினைக்கிறேன். ஆண் ஓயாமல் துரத்திக் கழுத்தைக் கவ்வும். பெண் அடுத்தடுத்து முட்டை வைத்து, தன் எலும்பிலிருக்கும் சுண்ணாம்பையெல்லாம் ஓட்டுக்குக் கொடுத்து இளைக்கும். முட்டை வயிற்றில் சிக்கிக்கொண்டால் அறுவைசிகிச்சை வரை போகவேண்டும். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை.

பாம்புகளில் ஆபத்து தீனி நேரத்தில். ஒரே எலியை இரண்டு பாம்புகள் இரு முனையிலிருந்து விழுங்கத் தொடங்கினால், பெரியது எலியோடு சேர்த்துச் சின்னதையும் விழுங்கிவிடும். கிங் ஸ்நேக் இனத்துக்குப் பாம்பும் தீனிதான். அதனோடு எந்தப் பாம்பையும் சேர்க்கக்கூடாது. பச்சோந்திக்கோ இன்னொரு பச்சோந்தி கண்ணில் படுவதே வேதனை. சிலவற்றுக்குக் கண்ணாடியில் தெரியும் தன் பிம்பமே போதும்.

சிவப்புக்காது ஆமைகள் வாங்கும்போது பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுதான். பெண் ஆமை ஓர் அடி நீளம்வரை வளரும். ஆணுக்கு முன்னங்கால் நகங்கள் நீண்டிருக்கும். அவற்றைப் பெண்ணின் முகத்துக்கு நேரே படபடவென்று அடித்து, மறுத்தால் கடிக்கும். தொட்டி போதாமல் சண்டை முற்றியதும் ஒன்றைக் கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடுகிறார்கள். உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவிகள் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. நம் நீர்நிலை ஆமைகளின் தீனியையும் வெயில்காயும் கல்லையும் அது பறித்துக்கொள்ளும். தயவுசெய்து அதை நீர்நிலையில் விடாதீர்கள். நட்சத்திர ஆமையைத் துணைக்கு வாங்கி விடுவது இன்னொரு வழக்கம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

வெவ்வேறு இனங்களை ஒன்றாக வைக்கும்போது வரும் பெரிய அபாயம் கண்ணுக்குத் தெரியாது. என்டமீபா இன்வேடன்ஸ் என்னும் ஒற்றைச்செல் உயிரி பல ஆமைகளின் குடலில் தொல்லையில்லாமல் வாழும். அதே உயிரி ஆமையின் எச்சம் கலந்த தண்ணீர் வழியாகப் பாம்புக்குள் போனால், குடலையும் ஈரலையும் அரித்துக் கொன்றுவிடும். ஆமையைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. போவா பாம்புகளும் அப்படித்தான்: ஒருவகை அரீனாவைரஸைச் சுமந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் நலமாகத் திரியும். அது மலைப்பாம்புக்குத் தொற்றினால் தலை நிமிர்த்த முடியாமல் சுழன்று விரைவில் இறக்கும். 1970களிலிருந்து தெரிந்த இந்த நோய்க்கு அரீனாவைரஸோடு உள்ள தொடர்பு 2012இல்தான் வெளிப்பட்டது. லெப்பர்ட் கெக்கோக்களை இளைத்து வால் குச்சியாகச் சாகவைக்கும் கிரிப்டோஸ்போரிடியத்துக்கு உறுதியான மருந்து இன்றுவரை இல்லை. சாதாரண பிளீச்சுக்கும் அது சாவதில்லை. ஒன்றுக்கு வந்தால் அந்தத் தொட்டியில் உள்ள எல்லாவற்றுக்கும் வந்ததாகவே கொள்ளவேண்டும்.

எல்லா ஊர்வனவும் தனிமை விரும்பிகள் என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் ஸ்லீப்பி லிசர்ட் அரணைகளில் அதே ஆணும் அதே பெண்ணும் ஆண்டுதோறும் தேடிச் சேர்வதை, ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் புல் 1980களில் தொடங்கிப் பல ஆண்டுகள் கூர்ந்து பதிவுசெய்தார். கார்ட்டர் பாம்புகள் தமக்குப் பிடித்த கூட்டாளிகளோடு சேர்ந்து கிடப்பதைக் கனடாவில் செய்த ஓர் ஆய்வு 2020இல் காட்டியது. இலங்கையிலும் காணப்படும் மோர்னிங் கெக்கோ பெண்கள் மட்டுமே பெருகும் இனம். அவற்றைக் கூட்டமாக வளர்க்கிறார்கள். இவை அந்தந்த இனத்தின் இயல்பு. ஒரு பாம்பு கூடி வாழ்கிறது என்பதால் எல்லாப் பாம்பும் அப்படி வாழும் என்று கொள்ள இடமில்லை. கூடி வாழ்பவற்றிலும் ஒவ்வொன்றுக்கும் தனி மறைவிடமும், ஒன்றுக்கு மேற்பட்ட சூடான இடமும் வேண்டும்.

இப்போது இரண்டு ஒன்றாக இருந்தால், சண்டை வரட்டும் என்று காத்திருக்காமல் இன்றே பிரித்துவிடுங்கள். ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி நடுவில் அட்டை வையுங்கள். மெலிந்ததன் எச்சத்தைப் புதிதாக எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். புதிதாக வாங்குவதை வேறு அறையில் குறைந்தது மூன்று மாதம் தனியாக வையுங்கள். தரையில் வெறும் காகிதம் போட்டால் எச்சமும் பூச்சியும் உடனே கண்ணில் படும். பழைய பிராணிக்குத் தீனி வைத்த பிறகுதான் புதியதைத் தொடவேண்டும். இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் தனித்தனி. இடையில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சால்மொனெல்லா கிருமி இவற்றிடமிருந்து வீட்டுக் குழந்தைகளுக்கும் வரும் என்பதால் இது இரட்டிப்பு அவசியம். இரண்டாவது பிராணிக்கு ஆசைப்படும்போது அதன் விலையோடு இன்னொரு தொட்டி, இன்னொரு வெப்ப விளக்கு, இன்னொரு புற ஊதா விளக்கு, ஏறும் மின்கட்டணம் ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். கட்டுப்படியாகாது என்றால் அந்தப் பணத்தில் இருப்பதற்கே பெரிய தொட்டியாக வாங்கிக்கொடுங்கள்.