கோடாலி வாங்கப் போகிறீர்களா?

கோடாலி வாங்குவதற்குக்கூட ஒரு கட்டுரையா என்று நேயர்கள் கேட்கக்கூடும். நாமும் சில ஆண்டுகளுக்கு முன்வரை அப்படித்தான் எண்ணியிருந்தோம். கத்தரிக்காய் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு காயையும் திருப்பிப் பார்த்து, காம்பைக்கூடக் கிள்ளிப் பார்த்து வாங்குகிறார்கள். கோடாலி வாங்கும்போது மட்டும் பளபளப்பைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணி வைத்துவிடுகிறோம். உண்மையில் காம்பைப் பார்த்து வாங்க வேண்டிய சாமான் கோடாலிதான்.

இந்த ஞானம் நமக்குச் சேர்வராயன் மலையில் உதயமாயிற்று. பள்ளிக்கூடத்துச் சாரணச் சிறுவர்கள் பதினெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு, அன்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் மூன்று நாள் முகாம் போட்டிருந்தோம். காற்றில் முறிந்து கிடந்த சில்வர் ஓக் கிளைகளை விறகுக்கு எடுத்துக்கொள்ளும்படி அவர் சொல்லியிருந்தார். நாம் கொண்டுபோன புதுக் கோடாலியின் தலை கொஞ்சம் ஆடிற்று. அதற்குப் பாட்டனார் காலத்து வைத்தியம் நமக்குத் தெரியாதா? இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் ஊறப் போட்டோம். காலையில் தலை கல்லைப்போல் இறுகியிருந்தது. நமக்கு ஒரே பெருமை!

நடுப்பகலில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கோடாலியை ஓங்கினான். மறுகணம் அவன் கையில் வெறும் காம்பு இருந்தது. "சார், தலை போய்விட்டது!" என்று அலறினான். அது போன இடத்தைப் பார்த்ததும் நமக்கு உயிர் போய் உயிர் வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த இன்னொரு பையனின் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில், பாதி மண்ணில் புதைந்து நின்றது. அன்றிரவு எல்லோரும் உறங்கிய பின் அந்தப் பதினெட்டுத் தலைகளையும் நாம் இரண்டு முறை எண்ணினோம்.

நடந்தது இதுதான். தண்ணீரில் ஊறிய மரம் பருக்கிறது. சுற்றிலும் இரும்பு இருப்பதால் பருக்க இடமின்றி அதன் நார்கள் நசுங்குகின்றன. வெயிலில் காய்ந்ததும் மரம் முன்னைவிட அதிகமாகச் சுருங்கிவிடுகிறது. ஊறப்போடும் ஒவ்வொரு தடவையும் ஆட்டம் அதிகமாகுமேயன்றிக் குறையாது. கோடாலி வாங்கிய கடையின் பெயர் வேண்டாம். குற்றத்தில் பாதி நம்முடையது.

ஆகவே கடையில் முதலில் தலையின் மேற்புறத்தைப் பாருங்கள். காம்பின் நுனி துளையை முழுவதும் நிரப்பி, நடுவில் ஆப்பு நன்றாக இறங்கியிருக்க வேண்டும். இடைவெளி தெரிந்தாலும், ஆப்புக்குப் பதிலாக இரண்டு ஆணி அடித்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிக்காசைப்போல் காம்பை மேலிருந்து செருகும் வகையில் ஆப்புத் தேவையில்லை. ஓங்க ஓங்கத் தலை பருத்த நுனியில் போய் இறுகும். பிறகு காம்பின் அடிமுனையில் மரத்தின் ரேகைகளைக் கவனியுங்கள். வெட்டுவாய் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையிலேயே அவை ஓட வேண்டும். நீளவாக்கிலும் ரேகை நுனி முதல் அடிவரை தொடர வேண்டும். நடுவில் பக்கவாட்டாக வெளியேறினால் காம்பு ஒரு நாள் அந்த இடத்திலேயே முறியும். வர்ணம் பூசிய காம்பில் இவை ஒன்றும் தெரியாது. ஆகையால் அதை வாங்கவே கூடாதென்பது நம் கட்சி. அமெரிக்கர்களுக்கு ஹிக்கரி மரமும் ஆங்கிலேயர்களுக்கு ஆஷ் மரமும் எப்படியோ, அப்படி நமக்குக் கருவேலம். "கோடாலிக் காம்பு குலத்துக்கு ஈனம்" என்று சொல்லிச் சொல்லியே காம்பின்மேல் நமக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது போலும்!

இரும்பைச் சோதிக்க ஓர் அரம் போதும். வெட்டுவாயில் மெதுவாக இழுத்தால் அரம் லேசாகப் பற்ற வேண்டும். வழுக்கிக்கொண்டே போனால் இரும்பு மிகக் கடினம். கணுவில் பட்டதும் வாய் சில்லுச் சில்லாகப் பெயரும். வெண்ணெயில் போவதுபோல் இறங்கினால் வாய் மடங்கும். நன்றாக உள்ள இரும்பையும் கெடுக்கும் வழி ஒன்று உண்டு. மின்சாரச் சாணையில் அவசரமாகப் பிடித்தால், சுமார் 300 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் வாய் நீலம் பாய்ந்து, ஏற்றிய கடினம் இறங்கிவிடும். ஸ்வீடன் தேசத்தில் 1902-ல் தொடங்கிய கிரான்ஸ்ஃபோர்ஸ் பட்டறையில், கோடாலியை அடித்த கொல்லர் தம் பெயரின் முதலெழுத்துக்களை அதன் தலையில் பொறிக்கிறார். நம்மவர்களுக்கு அது அவசியமில்லை. லாரியின் வில்பட்டையை வாங்கிக் காய்ச்சி அடிக்கும் உள்ளூர்க் கொல்லரிடம் குறை இருந்தால் நேரே போய்ச் சண்டை போடலாம்! திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் வந்ததும் இத்தகைய கைகளால்தான்.

சிறுவர்களுக்குச் சிறிய கோடாலிதான் பத்திரம் என்று நினைப்பது தவறு. நீண்ட காம்புள்ளது குறி தப்பினால் தரையில் இறங்கும். குட்டைக் காம்புள்ளது நேரே முழங்காலுக்கு வரும். குட்டைக் கோடாலியை மண்டியிட்டுக்கொண்டுதான் கையாள வேண்டும்.

இன்னும் சொல்லப்போனால், முகாமுக்குப் போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது ரம்பமே. கோடாலி நார் ஓடும் வழியில் பிளப்பதற்கு உரியது. குறுக்கே துண்டாக்க ரம்பம் போதும், உழைப்பும் அபாயமும் குறைவு. ஆனால் தச்சர் ரம்பத்தைக் கொண்டுபோய்ப் பச்சைக் கிளையில் வைத்தால் நாலு இழுப்பில் சிக்கிக்கொள்ளும். பச்சை மரத்துக்குப் பெரிய பற்கள் வேண்டும். அவை ஒன்று விட்டு ஒன்று வலமும் இடமுமாக நன்றாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஈரத்தூள் வெளியேற வழி கிடைக்கும். அலகு, அறுக்கும் கிளையின் பருமனைப்போல் இரு மடங்கு நீளமாவது இருக்கட்டும். ஜப்பானிய ரம்பங்கள் இழுக்கும்போது அறுப்பவை. அதனால் அலகு மெல்லியது, வேலை சுலபம். பழக்கத்தில் தள்ளிவிட்டால் மட்டும் வளைந்துவிடும். மடக்கு ரம்பமானால், விரித்த பின் பூட்டு ஆடுகிறதா என்று பார்ப்பது அவசியம். பல் நுனிகள் நீலமாக இருந்தால் அவை தனியாகக் கடினமாக்கப்பட்டவை. நெடுநாள் உழைக்கும், ஆனால் அரம் ஏறாது. மாற்று அலகு கிடைக்குமா என்று கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

அந்தப் பழைய தலையை நாம் எறிந்துவிடவில்லை. ஊர்க் கொல்லர் அரம் போட்டுப் பார்த்து, இரும்பு நல்ல இரும்புதான் என்றார். ஆசாரியிடம் காய்ந்த கருவேலங் காம்பு போட்டு, ஆப்பு இறக்கி, ஆளிவிதை எண்ணெய் தடவி வைத்தோம். அடுத்த முகாமுக்குப் புறப்படுமுன் ஆப்பைச் சோதிக்கும் பொறுப்பை யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்தபோது, அன்று அரிசி களைந்த பையன் தானே கேட்டு வாங்கிக்கொண்டான்.