செய்நிரலருக்குப் பட்டம் வேண்டுமா?

1957 ஆம் ஆண்டு, ஒல்லாந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரிலே எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்பவருக்கு விவாகம் நடந்தது. மணமகன் தன் தொழிலைப் பதிவில் குறிப்பிடுவது அந்நாட்டு வழக்கம். அவர் 'செய்நிரலர்' என்றார். அப்படியொரு தொழிலே இல்லையென அதிகாரிகள் மறுத்துவிட்டனர். ஈற்றில் பௌதிக அறிஞர் என்றே பதிந்துகொண்டார். கணனிக்குச் செய்நிரல் எழுதும் தொழிலுக்கு அன்று பெயரே இல்லாதபோது, பட்டம் எங்கிருந்து வரும்? கணிதமும் பௌதிகமும் கற்றோர் வேலையோடு வேலையாக அதைப் பழகினார்கள்.

இன்றோ பட்டமும் உண்டு. பட்டமின்றிச் சிறந்தோரும் உண்டு. ஆகவேதான் உயர்தரப் பரீட்சையிலே சர்வகலாசாலைக்கு வேண்டிய புள்ளி பெறாத பிள்ளையின் பெற்றோர், இத்துறை இனி இவனுக்கு இல்லையா எனக் கலங்குகின்றனர்.

கணனி எவரிடமும் அத்தாட்சிப் பத்திரம் கேட்பதில்லை. எழுதிய செய்நிரல் ஓடுகிறதா இல்லையா என்பதை வீட்டிலிருந்தே கண்டுகொள்ளலாம். ஆனால், நேயர்களே, ஓடுவது மாத்திரம் போதுமா? அகரவரிசையில் பத்து இலட்சம் பெயர்கள் உள்ளன, ஒன்றைத் தேடவேண்டும். முதலிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தால் பத்து இலட்சம் தடவைகூட ஒப்பிட நேரலாம். நடுவிலே பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளி, எஞ்சியதையும் அவ்வாறே பாதியாக்கிச் சென்றால் இருபது தடவை போதும். இரண்டு வழியும் சரியான விடையையே தரும். நூறு பெயர்களை வைத்துப் பழகுபவன் வேற்றுமையை உணரமாட்டான். இது சர்வகலாசாலையில் தொடக்கப் பாடம். நூல்களிலும் உண்டுதான், ஆனால் தான் அறியாதது எதுவென்று தனித்துக் கற்பவனுக்கு யார் சொல்வது? பட்டப்படிப்பின் மெய்யான பயன் இதுவே என்பது என் கருத்து. மற்றவை பெரும்பாலும் அலங்காரம்.

கடல் கடக்க விரும்புவோருக்கு மட்டும் அந்த அலங்காரமும் அவசியமாகிவிடுகிறது. அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்குப் பட்டமில்லாதவர், குறைந்த ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் மூன்றாண்டுத் தொழிலனுபவம் காட்டவேண்டும். நான்காண்டுப் பட்டத்துக்கு ஈடாகப் பன்னிரண்டு ஆண்டுகள்!

தமிழ்நாட்டிலே ஸோஹோ நிறுவனம் பள்ளிப்படிப்பு முடித்தோரைச் சேர்த்து, உதவிப்பணமும் கொடுத்து, ஈராண்டு பயிற்றி வேலையில் அமர்த்துகிறது. அங்கே பட்டமில்லை, ஆனால் பிழையைச் சுட்டிக்காட்ட ஆசிரியர் இருக்கிறார். நம் நாட்டிலே கொழும்புச் சர்வகலாசாலை 2000 ஆம் ஆண்டில் தகவல் தொழில்நுட்பத்துக்கு வெளிவாரிப் பட்டமொன்றைத் தொடங்கியது. உத்தியோகம் பார்த்துக்கொண்டே அதற்குப் படித்துப் பரீட்சை எழுதலாம். புள்ளி குறைந்த பிள்ளையின் பெற்றோர் முதலில் விசாரிக்கவேண்டியது அதைப் பற்றித்தான்.