ஜெபிக்கவே மனம் வரவில்லையா? அன்னாளும் அழுதுகொண்டுதான் போனாள்!

சாம்பல் புதனன்று இருந்த வைராக்கியம், இரண்டாவது வாரத்தில் பலருக்கு இருப்பதில்லை. அசைவம் வேண்டாம் என்ற முடிவாவது எப்படியோ நிற்கிறது. காலையில் அரை மணி நேரம் ஜெபம் என்ற முடிவுதான் முதலில் ஆட்டம் காண்கிறது. முழங்காலில் நின்றால் தூக்கம் வருகிறது. கண்ணை மூடினால் ஆபீஸ் வேலையும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் வந்து நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து, ஈஸ்டருக்கு முன்பு வரும் இந்த 40 நாள்களைக் கத்தோலிக்கர்கள் தவக்காலம் என்கிறார்கள், சி.எஸ்.ஐ. சபைகளில் லெந்து காலம். பெயர் எதுவானாலும் இந்தச் சோர்வு எல்லோருக்கும் பொது.

அடுத்து வருவது, 'எனக்கு விசுவாசமே இல்லையோ' என்ற குற்ற உணர்ச்சி. சோர்வைவிட இதுதான் ஆபத்து. பலரை ஜெபத்திலிருந்தே விலக வைப்பது இதுதான். ஆனால், பைபிளில் மனஉறுதிக்குப் பெயர் போனவர்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், சோர்வே தெரியாதவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது.

அன்னாளையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இன்றும் சாமுவேல் என்று பெயர் வைக்கிறார்களே, அந்த சாமுவேல் தீர்க்கதரிசியின் அம்மா. அவளுக்கு நெடுங்காலம் குழந்தை இல்லை. கணவன் எல்க்கானாவின் இன்னொரு மனைவி பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு. ஆண்டுதோறும் குடும்பமாகச் சீலோவில் இருந்த ஆலயத்துக்குப் போவார்கள். போகும்போதெல்லாம் பெனின்னாள் குத்திக்காட்டுவாள். அன்னாள் சாப்பிடாமல் அழுவாள். பத்து பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா என்று கணவன் தேற்றிப் பார்த்தான். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த வார்த்தை அவள் வலியைத் தொட்டிருக்காது.

அப்படியும் அடுத்த வருடம் அவள் அதே சீலோவுக்குப் போனாள். அழுகையோடு, அவமானத்தோடு. ஒருமுறை சத்தமே வராமல், உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துக் கண்டித்தார். சர்ச்சில் யாரோ சொன்ன ஒரு வார்த்தைக்காக அந்தப் பக்கமே போகாதவர்களை நமக்கும் தெரியும். அன்னாள் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. தான் குடிக்கவில்லை, மனதில் இருந்த பாரத்தைக் கடவுளிடம் கொட்டிக்கொண்டிருந்தேன் என்று மரியாதையாகவே சொன்னாள். ஏலியும் அவளை வாழ்த்தி அனுப்பினார்.

இதற்குப் பிறகு வரும் ஒரு சின்ன விவரத்தைப் பலர் கவனிப்பதில்லை. அன்னாள் போய்ச் சாப்பிட்டாள். அவள் முகம் வாடியிருக்கவில்லை. அப்போது அவள் கர்ப்பமாகவில்லை, பெனின்னாளும் மாறிவிடவில்லை. கேட்டது கையில் கிடைப்பதற்கு முன்பே முகம் மாறிவிட்டது. பிறகு பிறந்த பிள்ளையைப் பால் மறந்ததும் அதே ஆலயத்தில் விட்டாள். ஒவ்வோர் ஆண்டும் அவனுக்கு ஒரு சின்ன அங்கி தைத்து எடுத்துக்கொண்டு சீலோவுக்குப் போனாள்.

கீழே இறங்காத நெகேமியா

கவனம் சிதறுகிறது என்று வருந்துபவர்களுக்கு நெகேமியா பொருத்தமானவர். பாரசீக மன்னர் அர்தசஷ்டாவிடம் பானபாத்திரக்காரராக இருந்தவர். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று கேட்டு உட்கார்ந்து அழுதார். அதன்பின் ராஜாவிடம் பேசுவதற்கு முன், கிஸ்லேவு மாதத்திலிருந்து நிசான் மாதம் வரை, ஏறக்குறைய நான்கு மாதங்கள் கடந்தன. மதிலைக் கட்டி முடித்ததோ 52 நாள்களில்!

வேலை நடக்கும்போது, பேசலாம் வா என்று எதிரிகள் நான்கு முறை ஆள் அனுப்பினார்கள். பெரிய வேலையில் இருக்கிறேன், இறங்கி வர முடியாது என்று நான்கு முறையும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான். ஜெப நேரத்தில் போன் மினுக்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

ஜெபத்தில் புதிதாக வார்த்தை வரவில்லையே என்ற கவலையும் வேண்டாம். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மூன்று முறை ஒரே வேண்டுதலைத்தான் வைத்தார். கூட வந்த சீடர்கள் தூங்கிவிட்டார்கள்.

முள் போகவில்லை

விடாமல் கேட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று மேடைகளில் சொல்வதுண்டு. பைபிள் அவ்வளவு சுலபமாகச் சொல்லவில்லை. தன் உடலில் ஒரு முள் இருப்பதாகவும், அதை நீக்கும்படி மூன்று முறை மன்றாடியதாகவும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் பவுல் குறிப்பிடுகிறார். அது நோயா, வேறு ஏதாவதா என்று அவர் விளக்கவில்லை. முள் போகவில்லை. அதைத் தாங்கும் கிருபை போதும் என்ற பதில்தான் கிடைத்தது. அந்த முள்ளோடுதான் அவர் ஊழியத்தைத் தொடர்ந்தார்.

யாக்கோபுக்கோ கேட்ட ஆசீர்வாதமும் கிடைத்தது, காயமும் கிடைத்தது. தான் ஏமாற்றிய அண்ணன் ஏசா, 400 பேரோடு எதிரே வந்துகொண்டிருந்தான். பயத்தில், குடும்பத்தை யாப்போக்கு ஆற்றைக் கடக்கவைத்துவிட்டு யாக்கோபு தனியே நின்ற இரவு அது. விடியும்வரை ஒருவர் அவரோடு போராடினார். தொடைச்சந்து பிசகிய பிறகும், ஆசீர்வதிக்காமல் விட மாட்டேன் என்று யாக்கோபு பிடியைத் தளர்த்தவில்லை. அங்கேதான் அவருக்கு இஸ்ரவேல் என்ற பெயர் கிடைத்தது. சூரியன் உதித்தபோது நொண்டிக்கொண்டே நடந்தார். எதிரே வந்த அண்ணன் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தான். இருவரும் அழுதார்கள்.