ஒரு கதிர்ப்போர் ஓவியம் 700 கோடியா? மோனே அப்படி என்ன வரைந்தார்?

நன்னிலம் பக்கம் சம்பா அறுவடை முடிஞ்சா, முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு வைக்கோல் போர் நிற்கும். இப்போ மெஷின் அறுக்குது. வைக்கோலையும் இன்னொரு மெஷின் சுருட்டிக் கட்டிடுது. போர்கள் குறைஞ்சுபோச்சு.

அப்படியொரு போரை வரைந்த ஓவியம்தான் 2019 மே மாதம் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் 11.07 கோடி டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் 700 கோடி ரூபாய்க்கும் மேல்!

வரைந்தவர் பிரான்ஸின் கிளாட் மோனே. கிவெர்னி கிராமத்தில் தன் வீட்டருகே நின்ற போர்களை 1890-91இல் சுமார் 25 ஓவியங்களாக வரைந்தார். ஒரே போரை ஏன் திரும்பத் திரும்ப வரையணும்? அவருக்கு வேண்டியது போர் அல்ல, அதன்மேல் விழுந்த வெளிச்சம். பல கேன்வாஸ்களோடு வயலுக்குப் போவார். வெயில் மாறியதும் அடுத்த கேன்வாஸ். நிழல் என்றால் கறுப்பு என்று நினைப்போம். அவருக்கு அது நீலம், ஊதா.

பலரும் இதை வைக்கோல் என்றே எழுதுகிறார்கள். உண்மையில் அவை அடிக்காத கோதுமைக் கதிர்க்கட்டுகள், விவசாயியின் அந்த வருஷத்து வருமானம். கதிரடிக்கும் இயந்திரம் ஊர் ஊராகச் சுற்றி வரும்வரை மாதக்கணக்கில் வயலிலேயே கிடக்கும். வெயிலிலும் பனியிலும் அதே போர் மோனேவுக்குக் கிடைத்தது அதனால்தான்.