இழுவை ரயிலின் வடம் அறுந்தால், பெட்டியைப் பிடித்து நிறுத்துவது எது?

நம் தஞ்சைச் சமவெளியில் சுவாமிமலைக்கு 60 படிகள்தான். பழனியில் மலை நிஜமாகவே உயரம். 1966 முதல் அங்கே ‘விஞ்ச்’ பக்தர்களை ஏற்றிவிடுகிறது. எஃகு வடம் இழுக்க, தண்டவாளத்தில் பெட்டி ஏறும்.

வடம் அறுந்தால்?

கொடியில் துணிக்கு மாட்டும் கிளிப்பை எடுங்கள். விரலால் அழுத்தினால் வாய் திறக்கும். விட்டால் சுருள்வில் கவ்வும். வடத்தில் ஓடும் ரயில்கள் பலவற்றின் அவசர பிரேக்கும் இப்படித்தான். வடத்தின் இறுக்கம்தான் இங்கே விரல். அது இருக்கும்வரை பெட்டிக்கு அடியிலுள்ள தாடைகள் விரிந்தே இருக்கும். இறுக்கம் போனதும் வில் விடுபட்டு, தாடைகள் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும்.

கவனித்தீர்களா? மின்சாரமும் வேண்டாம், ஓட்டுநரின் கையும் வேண்டாம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

வடம் அறாமலே பெட்டி வேகமெடுத்தால்? அதைக் கண்காணிக்கத் தனிக் கருவி உண்டு; வேகம் எல்லை மீறினால் அதுவும் பிரேக்கைப் பிடிக்கவைக்கும்.