மனக்காயத்துக்கு எத்தனை சதவீதம்? முன்னாள் படைவீரர்களின் இயலாமை ஓய்வூதியம் முடிவு செய்யப்படுவது எப்படி?

திருவனந்தபுரம்: போர்முனையிலோ பேரிடர் மீட்புப் பணியிலோ நேர்ந்த அதிர்ச்சியால் மனநலம் பாதிக்கப்பட்ட படைவீரருக்கு இயலாமை ஓய்வூதியம் கிடைக்குமா என்பது இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. பாதிப்பு எத்தனை சதவீதம்? அது ராணுவப் பணியால் ஏற்பட்டதா, அல்லது பணியால் தீவிரமடைந்ததா? பாங்கோடு ராணுவ நிலையமும் விமானப் படையின் தெற்கு மண்டலத் தலைமையகமும் உள்ள திருவனந்தபுரத்தில், பல முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு இது வாழ்வாதாரக் கேள்வி.

சதவீதக் கணக்கு

பணியிலிருந்து விடுவிக்கும்போது மருத்துவ வாரியம் பாதிப்பின் சதவீதத்தை நிர்ணயிக்கிறது. ஓய்வூதியம் பெறக் குறைந்தபட்சம் 20 சதவீதம் தேவை. 100 சதவீதப் பாதிப்புக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் இயலாமைத் தொகையாகக் கிடைக்கும். 50 சதவீதத்துக்குக் குறைவான பாதிப்பை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் முறையும் உண்டு. எனவே ரூ.40,000 ஊதியம் பெற்றவருக்கு 30 சதவீதப் பாதிப்பு இருப்பின், அது 50 ஆகக் கொள்ளப்பட்டு மாதம் ரூ.6,000 கிடைக்கும். ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்தச் சலுகை பொருந்தும் என 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பணியுடன் தொடர்பு

பெரும்பாலான வழக்குகள் இரண்டாவது கேள்வியில்தான் எழுகின்றன. மருத்துவ அதிகாரிகளுக்கான 2008ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள், போர் மற்றும் கிளர்ச்சி எதிர்ப்புப் பகுதிகள், மிக உயரமான மலைப்பகுதிகள், தனித்த காவல் நிலைகள், சடலங்களுக்கிடையே பணியாற்ற நேரும் பேரிடர்கள் போன்ற சூழல்களை மனநலப் பாதிப்புக்கான பணிக் காரணங்களாகக் குறிப்பிட்டன.

பணியில் சேரும்போது நோய் பதிவு செய்யப்படவில்லை எனில், அது பணியால் வந்ததாகவே கருத வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால், மனநோயை ஆள்சேர்ப்பின்போது கண்டறிவது கடினம் என்பதால் அத்தகைய அனுமானம் தானாகப் பொருந்தாது என 2019இல் நர்சிங் யாதவ் வழக்கில் தீர்ப்பானது. 2025 மே மாதம், மனச்சிதைவு நோயால் விடுவிக்கப்பட்ட வீரர் ஒருவரின் வழக்கில், காரணம் கூறாத மருத்துவ வாரியக் கருத்தைக் கொண்டு ஓய்வூதியத்தை மறுக்க முடியாது என்று அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறையில் உள்ளன. எனவே பணியிலிருந்து விலகிய தேதி முக்கியம்.

எங்கு முறையிடுவது?

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் முதலில் துறைக்குள் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் தீர்வு கிடைக்காவிடில், கேரளத்தைச் சேர்ந்தவர்கள் கொச்சியிலுள்ள ஆயுதப் படைகள் தீர்ப்பாயக் கிளையை அணுகலாம். மருத்துவ வாரிய நடவடிக்கைகளின் நகல், பணியிட விவரங்கள், சிகிச்சை ஆவணங்கள் ஆகியவை வழக்குக்கு அடிப்படையானவை. வெளியில் தெரியாத காயத்துக்கு இந்தக் காகிதங்களே சாட்சி.