சூம்பிய கை படைத்த சாதனை

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் தெருக்களில் மாலையில் பந்து வீசும் சிறுவர்களுக்கு பி.எஸ். சந்திரசேகரைத் தெரிந்திருக்காது. அவர்களுடைய தாத்தாக்களைக் கேட்டால் தெரியும். சந்திரா பந்தைக் கையில் எடுத்ததும் ரேடியோவின் ஒலியைக் கூட்டி வைத்த காலம் அது.

1945-ல் மைசூரில் பிறந்தவர். குடும்பம் பின்னர் பெங்களூரில் குடியேறியது. சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி வலது கை சூம்பிவிட்டது. தடுத்த பந்தைத் திருப்பி எறிய இடது கையைத்தான் நம்பினார். ஆனால் பந்து வீசியது அந்த வலது கையால்தான்! சதைப்பிடிப்பில்லாத கை சாட்டையாகச் சுழன்றது. சுழற்பந்துக்கு வழக்கமில்லாத வேகம் அதில் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிப்பதற்குள் ஸ்டம்பு சாய்ந்துவிடும்.

1964-ல் பம்பாயில் முதல் டெஸ்ட் ஆடியபோது வயது 18. 1967-68 ஆஸ்திரேலியப் பயணத்துக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அணியில் இடமில்லை. இனி அவ்வளவுதான் என்று பலரும் நினைத்தார்கள்.

1971-ல் மீண்டும் அழைப்பு வந்தது. லண்டன் ஓவல் மைதானத்தில் 38 ரன்களுக்கு 6 விக்கெட் சாய்த்தார். மறுமுனையில் சென்னை வெங்கட்ராகவன் 2 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 101 ரன்களில் சுருண்டது. அந்த மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அதுவே.

1972-73-ல் இங்கிலாந்து இங்கே வந்தபோது ஐந்து டெஸ்ட்டில் 35 விக்கெட் வீழ்த்தினார். ஒரே தொடரில் இந்தியர் எவரும் அதைத் தாண்டியதில்லை.

1974-ல் பெங்களூரில் நடந்த முதல் டெஸ்ட்டில் மேற்கிந்தியத் தீவுகளின் புதுமுகம் விவியன் ரிச்சர்ட்ஸ் களமிறங்கினார். இரண்டு இன்னிங்சிலும் 4, 3 என்று சந்திராவிடமே வீழ்ந்தார். பின்னாளில் உலகையே மிரட்டிய அதே ரிச்சர்ட்ஸ்தான்!

1977-78-ல் மெல்போர்னில் இரண்டு இன்னிங்சிலும் 52 ரன்களுக்கு 6 விக்கெட். ஆஸ்திரேலிய மண்ணிலும் இந்தியாவுக்கு முதல் வெற்றி கிடைத்தது.

மட்டை மட்டும் அவருக்குக் கைவரவில்லை. 58 டெஸ்ட்டில் எடுத்த ரன்கள் 167, விக்கெட்டுகளோ 242!

1979-ல் கடைசி டெஸ்ட் ஆடினார். 1991-ல் நேர்ந்த சாலை விபத்து அவர் கால்களைப் பாதித்தது. 35 விக்கெட் சாதனை மட்டும் அசையவில்லை. உடல் குறையைச் சொல்லி ஒதுங்கி நிற்கும் பிள்ளை தெருவில் இருந்தால், அவனையும் அழைத்து ஒரு ஓவர் கொடுத்துப் பார்க்கலாம்.